விடுமுறையில் விளைந்த ஆட்டம்: கேப் காட் மாணவர் பேஸ்பால் லீக்கின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் மென்பந்துக் குழுவில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். பந்து வரும் திசையைக் கண்ணால் அளந்து, நிதானமாக அடிப்பான். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பயிற்சி கொடுக்கலாம் என்று எண்ணி, அவன் தந்தையாரிடம் அனுமதி கேட்டேன். அவர் மரியாதை குறையாமல்தான் பேசினார். “டீச்சர், ஓடியாடி என்ன ஆகப் போகிறது? விடுமுறையிலாவது டியூசனுக்குப் போகட்டும். அப்படியே விளையாடினாலும், பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது அவனை யார் பார்த்துக்கொள்வது?” என்றார்.

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு இல்லை. விடுமுறையில் மாணவனை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டிருந்தபோதுதான், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சில சிற்றூர்கள் இதே கேள்விக்குப் பல தலைமுறைகளாக விடை சொல்லி வருகின்றன என்பதைப் படித்தறிந்தேன். அந்த ஊர்களின் கதையையே இங்கே எழுதுகிறேன்.

கோடை விடுமுறையும் ஆட்டக்காரர்களும்

பேஸ்பால் நம் பிள்ளைகள் ஆடும் மென்பந்துக்கு மூத்த உறவு. பந்து சிறியது, கடினமானது, ஆடுகளம் பெரியது, பந்தைத் தோளுக்கு மேலிருந்து விசையுடன் எறிவார்கள். மற்றபடி நான்கு தளங்களைச் சுற்றி ஓடி ஓட்டம் எடுப்பது இரண்டிலும் ஒன்றே.

அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் பருவம் பிப்ரவரியில் தொடங்கி, ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். அதன்பின் நீண்ட கோடை விடுமுறை. ஆனால் வெயில் காய்ந்து, ஆட்டத்துக்கு மிகவும் ஏற்றதாக இருப்பதும் அந்தக் கோடைதான். கல்லூரி மூடியிருக்கிறது, ஆட்டக்காரனின் கை துறுதுறுக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவையே கல்லூரி மாணவர்களுக்கான கோடைக்கால லீக்குகள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பணம் பெற்று ஆடியவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிடுவான். அதன்பின் கல்லூரிக் குழுவில் அவனுக்கு இடமில்லை என்பது விதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோடை உல்லாச ஊர்களிலும் சிறு நகரங்களிலும் மாணவர்கள் சிறு கூலிக்கு ஆடி வந்தார்கள். விதிக்கு அஞ்சிப் பலர் பொய்ப்பெயரில் ஆடினார்கள். எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் அது.

ஜிம் தோர்ப்: உண்மைப் பெயருக்குக் கிடைத்த தண்டனை

அந்தக் கோடை ஆட்டத்தால் வாழ்வில் பெரும் அடி வாங்கியவர் ஜிம் தோர்ப். இவர் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் பழங்குடியினர் பள்ளியில் பயின்றவர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அங்கப் போட்டி, பத்து அங்கப் போட்டி ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே அந்தத் தங்கங்கள் பறிக்கப்பட்டன. காரணம் என்ன தெரியுமா? 1909, 1910 ஆண்டுகளில் வட கரோலினா மாநிலத்தில், சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பதுதான்!

மற்ற மாணவர்கள் பொய்ப்பெயரில் ஆடித் தப்பித்தார்கள். இவர் தம் சொந்தப் பெயரில் ஆடியதால் அகப்பட்டார். விதியின் நுணுக்கம் தமக்குத் தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்ததும் எடுபடவில்லை. 1953இல் அவர் மறைந்தார். 1982இல்தான் ஒலிம்பிக் குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு பதக்கங்களின் நகல்கள் அவர் பிள்ளைகளிடம் அளிக்கப்பட்டன. அப்போதும் இன்னொருவருடன் இணைந்த வெற்றியாளர் என்றே பதிவு செய்தார்கள். 2022ஆம் ஆண்டில்தான் அவ்விரு போட்டிகளுக்கும் தனி வெற்றியாளர் அவரே என்று ஏற்றுக்கொண்டார்கள். 110 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி!

வசதியுள்ள மாணவன் கோடையில் பணம் இல்லாமலும் ஆடலாம். ஏழை மாணவன் உண்பது எப்படி, தங்குவது எங்கே? ஜிம் தோர்ப்பின் கதை எழுப்பும் கேள்வி இதுதான். மாணவனுக்குச் சம்பளமும் கூடாது, அவன் பட்டினி கிடக்கவும் கூடாது என்றால், அவனைத் தாங்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும். கேப் காட்டில் அதை ஊர் ஏற்றுக்கொண்டது.

கேப் காட்: தொடக்கம் எந்த ஆண்டு?

கேப் காட் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். நிலப்படத்தில் பார்த்தால் முழங்கையை மடக்கி உயர்த்திய கை போல இருக்கும். மீன்பிடித்தலும் குருதிநெல்லித் தோட்டங்களும் பழைய தொழில்கள். பின்னர் கோடைச் சுற்றுலா வந்து சேர்ந்தது.

இங்குள்ள லீக், தன் தொடக்க ஆண்டு 1885 என்று நெடுங்காலம் சொல்லி வந்தது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், சாண்ட்விச், பார்ன்ஸ்டபிள் ஆகிய இரண்டு ஊர்களும் மோதிய ஆட்டத்தை ஆதாரமாகக் காட்டி, 1985இல் நூற்றாண்டு விழாவும் கொண்டாடிவிட்டார்கள். ஆனால் 1885இல் நடந்தது ஊருக்கு ஊர் ஆடிய ஆட்டமே, லீக் அன்று. சாதம், பால்மத், ஹயானிஸ், ஆஸ்டர்வில் ஆகிய நான்கு ஊர்க் குழுக்கள் சேர்ந்து, ஒழுங்கான அட்டவணையுடன் ஒரு லீக்கை அமைத்தது 1923ஆம் ஆண்டில்தான்.

ஆசிரிய நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளின் விழா மலர்களிலும் இதே குழப்பம் உண்டு அல்லவா? தோட்டத்துக் கொட்டகையில் யாரோ ஒருவர் நாலு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த ஆண்டு ஒன்று. பள்ளி முறையாகப் பதிவான ஆண்டு வேறொன்று. இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எது எந்த ஆண்டு என்று பிரித்து எழுதுவதே வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை.

விழுந்தது, எழுந்தது, மாணவர் வசமானது

1923இல் தொடங்கிய லீக் நன்றாகவே நடந்தது. ஆனால் 1930களில் பொருளாதார மந்தம் ஊர்களை வாட்டியது. குழுவை நடத்தப் பணம் திரட்ட முடியவில்லை. 1939ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு லீக் கலைந்தது. பின்பு இரண்டாம் உலகப் போர்.

போர் முடிந்து 1946இல் மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை உள்ளூர் ஆட்டக்காரர்களே பெரும்பாலும் ஆடினார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு அது ஓர் ஆறுதலாகவும் அமைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, வெளியூர்க் கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினார்கள்.

1963ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. லீக் முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஆணையத்தின் ஒப்புதலோடு, கல்லூரி மாணவர்களுக்கே உரிய லீக்காக அது மாறியது. உள்ளூர் இளைஞர்களின் இடத்தை நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தம் பிள்ளைகள் ஆடிய குழுவில் அறிமுகமில்லாத பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு ஊர்மக்கள் விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. வந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக்கிக் கொண்டார்கள். லீக் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு அடிப்படை அதுவே என்பேன்.

1988 முதல் பத்துக் குழுக்கள் ஆடி வருகின்றன. மேற்குப் பிரிவில் போர்ன், கொடூயிட், பால்மத், ஹயானிஸ், வேர்ஹாம். கிழக்குப் பிரிவில் புரூஸ்டர், சாதம், ஹார்விச், ஆர்லியன்ஸ், யார்மத்-டென்னிஸ். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டு முற்பகுதியில் முடியும் இரண்டு மாதங்களுக்குள், ஒவ்வொரு குழுவும் 40 ஆட்டங்களைத் தொட்டுவிடும். கிட்டத்தட்ட நாள்தோறும் ஆட்டம்!

வீடு கொடுத்த ஊர்கள்

மாணவன் வந்து இறங்கியதும் விடுதிக்குப் போவதில்லை. ஊரில் ஒரு குடும்பம் அவனைத் தன் வீட்டில் ஏற்றுக்கொள்கிறது. அக்குடும்பத்தின் பிள்ளைகள் அவனை அண்ணனாகப் பார்க்கிறார்கள். நள்ளிரவில் ஆட்டம் முடிந்து திரும்பினாலும் குளிர்பெட்டியில் அவனுக்கு உணவு இருக்கும். பல குடும்பங்கள் ஆண்டுதோறும் இதைச் செய்கின்றன. கோடை முடிந்து ஊர் திரும்பிய மாணவர்களின் திருமணத்துக்கு அந்தக் குடும்பத்தார் செல்வதும் உண்டு.

முற்காலத்தில் மாணவர்கள் பகலில் ஏதேனும் வேலை செய்தார்கள். கடையில் பெட்டி தூக்கினார்கள், புல் வெட்டினார்கள், எண்ணெய் நிலையத்தில் நின்றார்கள். மாலையில் சீருடை அணிந்து ஆடினார்கள். காலை நேரத்தில் ஊர்ச் சிறுவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துவதும் அவர்களின் கடமைகளுள் ஒன்று. அது இன்றும் தொடர்கிறது. மாலையில் யாரைக் கைதட்டி வரவேற்கிறானோ, காலையில் அவரிடமே மட்டை பிடிக்கக் கற்றுக்கொள்கிறான் சிறுவன். இதைவிடச் சிறந்த ஆசிரியப் பயிற்சி வேறு உண்டா?

ஆட்டத்தைக் காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. இடையில் உண்டியல் சுற்றி வரும், விரும்பியதைப் போடலாம். நுழைவு வாயில், தின்பண்டக் கடை, ஓட்டப் பதிவு, திடல் பராமரிப்பு என எல்லாவற்றிலும் தொண்டர்களே நிற்பார்கள். கொடூயிட் ஊரின் லோவல் திடலில் இரவு விளக்குகள் இல்லை. ஆகவே பொழுது சாய்வதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். சாதம் ஊரின் திடலில் விளக்குகள் உண்டு. ஆனால் கடலிலிருந்து பனிமூட்டம் உருண்டு வந்தால், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய் ஆட்டம் நின்றுவிடும். மழையால் நின்ற ஆட்டங்களை நாம் அறிவோம். பனியால் நிற்கும் ஆட்டம் அவர்களுடையது.

கொடூயிட் குழுவை 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தவர் ஆர்னால்ட் மைகாக் என்னும் ஊர்ப் பெரியவர். குழுவுக்காகத் தொண்டாற்றியே பெயர் பெற்றவர். இன்று லீக் வெற்றியாளருக்கு வழங்கப்படும் கிண்ணம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பெரும் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தும், உச்சக் கிண்ணத்துக்குத் தொண்டர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மரமட்டைக்குத் திரும்பிய முடிவு

1974 முதல் அமெரிக்கக் கல்லூரிகளில் அலுமினிய மட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. உடையாது, செலவும் குறைவு. கேப் காட் லீக்கும் அதையே பின்பற்றியது. ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டை மட்டுமே அனுமதி. அலுமினிய மட்டையில் பட்ட பந்து, சரியாகப் படாவிட்டாலும் சீறிப் பாயும். ஆகவே ஒரு மாணவனின் உண்மைத் திறன் எது, மட்டையின் திறன் எது என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

1985ஆம் ஆண்டில் இந்த லீக் மீண்டும் மரமட்டைக்குத் திரும்பியது. கல்லூரியில் வீரனாக விளங்கிய மாணவன், இங்கு வந்து முதல் வாரத்திலேயே தடுமாறினான். பிழைகளை மறைக்க மட்டை உதவவில்லை. அதனால்தான், திறன் தேடுவோர் கையில் வேகமானியும் குறிப்பேடுமாக இந்தச் சிற்றூர்த் திடல்களில் வந்து குவிந்தார்கள். கடினமான தேர்வே நம்பத்தக்க தேர்வு என்பதை நாமும் அறிவோம்.

இங்கிருந்து சென்றவர்கள்

இந்த லீக்கில் ஆடியோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறை லீக்கை எட்டியிருக்கிறார்கள். சிலரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

1. தர்மன் மன்சன்: 1967இல் சாதம் குழுவுக்கு ஆடினார். அடித்தாடும் சராசரி .420. பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் தலைவரானார். 1979இல் விமான விபத்தில் மறைந்தார். லீக்கின் சிறந்த அடித்தாடுநர் விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

2. கார்ல்டன் பிஸ்க்: 1966இல் ஆர்லியன்ஸ் குழு. 2000ஆம் ஆண்டில் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

3. ஜெப் பேக்வெல்: 1987, 1988 ஆண்டுகளில் சாதம் குழு. பேஸ்பாலுக்குப் பெயர்பெறாத ஹார்ட்பர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2017இல் புகழ் மண்டபம்.

4. பிராங்க் தாமஸ்: 1988இல் ஆர்லியன்ஸ் குழு. உயர்நிலைப் பள்ளியை முடித்த 1986ஆம் ஆண்டில் எந்தத் தொழில்முறைக் குழுவும் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2014இல் புகழ் மண்டபம்.

கடைசி இருவரையும் பெற்றோர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பெரிய பெயரில்லாத கல்லூரியிலிருந்து வந்தார். மற்றவர் பதினெட்டு வயதில் ஒதுக்கப்பட்டார். இன்னொரு கோடையும் இன்னொரு திடலும் கிடைத்ததால், திறமையைக் காட்ட அவர்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு அமைந்தது.

அதே வேளையில் ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை உச்சத்தைத் தொடவில்லை. ஆசிரியராகவும், வணிகராகவும், தந்தையராகவும் ஆனார்கள். அவர்களுக்கும் அந்தக் கோடை வீணாகவில்லை.

இன்றைய நெருக்கடி

இதுபோன்ற லீக்குகள் வேறிடங்களிலும் உள்ளன. அலாஸ்காவின் பேர்பேங்க்ஸ் நகரில், பகல் மிக நீண்ட ஜூன் 21ஆம் நாளையொட்டி, இரவு பத்து மணிக்கு விளக்கின்றி ஆடும் நள்ளிரவுச் சூரிய ஆட்டம் 1906இல் தொடங்கிய மரபு. 1994இல் தொடங்கிய நார்த்வுட்ஸ் லீக், நுழைவுச்சீட்டு விற்று வணிக முறையில் நடக்கிறது.

கேப் காட்டுக்கும் இன்று நெருக்கடிகள் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் பருவம் முழுவதும் இரத்தானது. 2021 முதல் தொழில்முறைத் தேர்வு ஜூன் மாதத்திலிருந்து ஜூலைக்கு மாற்றப்பட்டதால், மாணவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அதே ஆண்டு, தொழில்முறை அமைப்பே தேர்வுக்குக் காத்திருப்போருக்கென ஒரு தனி லீக்கைத் தொடங்கியது. தம் பெயரையும் படத்தையும் கொண்டு மாணவர்கள் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் 2021இல் வந்தது. ஜிம் தோர்ப்பைத் தண்டித்த விதியின் வேர் தளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் உண்டியல் சுற்றும் திடலுக்கு மாணவன் இனியும் வருவானா என்ற கவலை அந்த ஊர்களுக்கு இருக்கத்தானே செய்யும்?

நம் திடல்கள்

இனி, ஜொகூருக்குத் திரும்புவோம்.

நம் முந்தைய தலைமுறைக்கு இதெல்லாம் புதிதன்று. தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில், திருவிழாவையொட்டித் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்தாட்டம் நடக்கும். வெளியூர் ஆட்டக்காரர்கள் வந்தால் எந்த வீட்டிலும் சாப்பாடு கிடைக்கும். திடலைச் செதுக்கியவர்களும், கோடு போட்டவர்களும், கோப்பைக்குக் காசு சேர்த்தவர்களும் தோட்டத்து மக்களே. அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, வீடுகள் கிடைத்தன. திடலும் அதைச் சுற்றியிருந்த உறவும் கிடைக்கவில்லை.

நம் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாவட்ட அளவிலான போட்டிகள் முடிந்ததும், பெரும்பாலான பிள்ளைகளின் விளையாட்டு அடுத்த ஆண்டு வரை முடிந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், பலருக்கு அதுவே நிரந்தர முடிவாகிவிடுகிறது. பிள்ளைகளிடம் திறமை இல்லாததா காரணம்? விடுமுறையில் அவர்களை ஏற்க ஆள் இல்லாததே காரணம்.

என் எளிய கருத்துகள் இவை:

• விடுமுறையில் ஒரே ஒரு வாரம், அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து சிறிய தொடர் ஆட்டம் ஒன்றை நடத்தலாம். கோப்பை பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

• இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம் முன்னாள் மாணவர்களை, காலையில் இளையோருக்குப் பயிற்றுநராக அழைக்கலாம்.

• பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பையும், மதிய உணவையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

• நடந்த ஆட்டங்களை, தேதியோடும் ஓட்டக் கணக்கோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். எழுதாதது மறைந்துவிடும்.

அந்த மாணவனின் தந்தையாரை அடுத்த ஆண்டு மீண்டும் சந்தித்தேன். இம்முறை, “யார் பார்த்துக்கொள்வது?” என்று அவர் கேட்பதற்கு முன்பே, மூன்று பெற்றோர்களின் பெயர்களை எழுதிய தாள் ஒன்றை அவரிடம் நீட்டினேன். திங்கள் யார், செவ்வாய் யார் என்று அதில் இருந்தது. அவர் சிறிது நேரம் பார்த்தார். பின்பு என் பேனாவை வாங்கி, வெள்ளிக்கிழமைக்கு எதிரே தம் பெயரை எழுதினார்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்
ஜொகூர்